டென்வரில் நல்ல ஜப்பான் சாப்பாடு: ஒரு அரிசி மூட்டையின் கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, பாதி எழுதி, அப்படியே தூங்கிட்டு இருந்த மேட்டர் இது. தலைப்பைப் பார்த்துட்டு சமையல் குறிப்புன்னு நினைச்சு வந்தவங்க மன்னிச்சுக்குங்க. சாப்பாட்டுல ஆரம்பிச்சு வரலாறுல போய் மாட்டிக்கிட்ட கதை.

நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி பெரிய ஊர்ல இருக்கறவங்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாது. நடுத்தரமான அமெரிக்க ஊர்ல 'ஜாப்பனீஸ் ரெஸ்டாரண்ட்'னு போர்டு போட்ட கடைக்குப் பஞ்சமே இல்லை. ஸ்ட்ரிப் மாலுக்கு ஒண்ணு இருக்கும். ஆனா ஒரு ஜப்பான்காரர் தன் வீட்டுல சாப்பிடற மாதிரி சாப்பாடு எங்க கிடைக்கும்னு கேட்டா, ஒருத்தருக்கும் பதில் தெரியாது. நம்ம ஊரு சாப்பாட்டுக்கும் அங்க அதே நிலைமைதானே? பஃபேல ஆரஞ்சு கலர்ல ஒரு சிக்கன், ஒரு நான், முடிஞ்சுது இந்தியா.

2007-ல நான் டென்வர்ல ஆணி புடுங்கிட்டு இருந்தேன். எங்க ப்ராஜெக்டுக்காக ஒசாகாவுல இருந்து ஒருத்தர் ரெண்டு வாரம் வந்தாரு. ஐம்பது வயசு இருக்கும். தன்மையான மனுஷன், அதிர்ந்து பேச மாட்டார். எங்க மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீயும் ஏசியன், அவரும் ஏசியன், சாயங்காலம் எங்கயாவது கூட்டிட்டுப் போ"ன்னுட்டார். (தர்க்கத்தைப் பாருங்க!)

நானும் ஆபீஸ்ல விசாரிச்சு, எல்லாரும் ஆஹா ஓஹோன்னு சொன்ன ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். மேஜை நடுவுல பெரிய இரும்புத் தட்டு. சமையல்காரர் கத்தியைச் சுழட்டறார், இறாலைத் தூக்கி வாயில போடறார், வெங்காயத்தை அடுக்கி எரிமலை விடறார். பக்கத்து மேஜையில யாருக்கோ பிறந்தநாள், ஒரே கைதட்டல். ஒசாகாக்காரர் கடைசி வரை புன்னகையோட உட்கார்ந்திருந்தார். வெளிய வந்ததும் "ரொம்ப சுவாரசியமா இருந்தது"ன்னார். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு அப்ப தெரியாது. இப்ப தெரியும்.

இந்தக் கத்தி வித்தை எங்க இருந்து வந்துச்சுன்னு பின்னாடி தேடிப் பார்த்தேன். இரும்புத் தட்டுல இறைச்சி சுடற தெப்பன்யாகி, இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச 1945-ல கோபே நகரத்துல மிசோனோங்கற கடையில ஆரம்பிச்சதுன்னு சொல்றாங்க. அதை 1964-ல நியூயார்க்குக்குக் கொண்டுவந்து, வேடிக்கையையும் சேர்த்து 'பெனிஹானா'ங்கற பேர்ல கடை போட்டவர் ராக்கி அவோகி. மல்யுத்த வீரரா இருந்தவர். அமெரிக்கர்களுக்கு என்ன வேணும்னு அவருக்கு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு. தெரிஞ்ச மாட்டிறைச்சி, தெரிஞ்ச காய், கூடவே ஒரு ஷோ. பயமுறுத்தற எதுவும் தட்டுல இருக்காது. அதனால அது ஊர் ஊரா பரவுச்சு. தப்பே சொல்லலை, ஆனா அது ஜப்பான்காரங்க தினமும் சாப்பிடறது இல்லை.

மறுநாள் ஒசாகாக்காரர்கிட்ட வெட்கத்தை விட்டுக் கேட்டேன், உண்மையில உங்களுக்கு என்ன வேணும்னு. கொஞ்சம் யோசிச்சுட்டு சொன்னார்: சோறு, சுட்ட மீன் ஒரு துண்டு, மிசோ சூப், ஊறுகாய். அவ்வளவுதான். அதுக்கு 'தெய்ஷோகு'ன்னு பேராம். நம்ம ஊரு மீல்ஸ்தான் போங்க! வெளியூர் போன நம்மாளு ரசம் சாதமும் அப்பளமும் கிடைச்சாப் போதும்னு சொல்றானே, அதே ஏக்கம்.

சரின்னு தேட ஆரம்பிச்சேன். இந்த மாதிரி விஷயத்துக்கு நம்மாளுங்களுக்கு ஒரு பழைய வழி தெரியும். நல்ல ஹோட்டலைத் தேடாதே, மளிகைக் கடையைத் தேடு. எந்த ஊர்லயும் உளுத்தம்பருப்பும் கருவேப்பிலையும் விக்கிற கடையைக் கண்டுபிடிச்சுட்டா, கல்லாவுல இருக்கறவர் எங்க சாப்பிடலாம்னு சொல்லிடுவார். அதே சூத்திரத்தை ஜப்பானுக்குப் போட்டேன். அப்படிப் போய்ச் சேர்ந்த இடம்தான் சகுரா ஸ்கொயர்.

டென்வர் டவுன்டவுன்ல, லாரிமர் தெருவுக்கும் லாரன்ஸ் தெருவுக்கும் நடுவுல ஒரே ஒரு பிளாக். அதுக்குள்ள ஒரு புத்தர் கோவில், இருபது மாடி குடியிருப்பு ஒண்ணு, பசிபிக் மெர்கண்டைல்னு ஒரு மளிகைக் கடை, சின்னதா ஒரு தோட்டம். தோட்டத்துல ஒரு வெள்ளைக்காரரோட மார்பளவு சிலை. ஜப்பான்காரங்க இடத்துல இவருக்கு என்ன வேலைன்னு அன்னைக்கு யோசிக்கலை.

மளிகைக் கடையில எனக்கு முன்னால ரெண்டு வயசானவங்க பேசிட்டு இருந்தாங்க, ஒரு பாட்டி, ஒரு தாத்தா. ரெண்டு பேர் பேசறதும் அக்மார்க் அமெரிக்க ஆங்கிலம். புதுசா அறிமுகம் ஆனவங்க போல. பாட்டி கேட்டாங்க: "நீங்க எந்த கேம்ப்?" தாத்தா ஏதோ பேர் சொன்னார். "ஓ, நாங்க அமாச்சி"ன்னாங்க பாட்டி. நான் ஏதோ சாரணர் முகாம், கோடை முகாம்னு நினைச்சுக்கிட்டு, ஒரு அரிசி மூட்டையைத் தூக்கிட்டு வந்துட்டேன். அந்த மூட்டையை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில வருது.

அந்த 'கேம்ப்' என்னன்னு தெரிய எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. தெரிஞ்சதும் ரொம்ப வெட்கமாப் போச்சு.

கொசுவத்தியை நல்லாவே சுத்துவோம்.

கொலராடோவுக்கு வந்த முதல் ஜப்பானியர்னு சொல்லப்படறவர் மத்சுதாய்ரா தடாஅத்சு. நம்மளை மாதிரி பொறியாளர்தான், ஆனா பெரிய சாமுராய் குடும்பம். 1872-ல படிக்க அமெரிக்கா வந்தார். ரயில்வேயில வேலை பார்த்து, கொலராடோ சுரங்க ஆய்வாளர் அலுவலகத்துல உதவியாளரா இருந்து, 1888-ல முப்பத்திரண்டு முப்பத்திமூணு வயசுலயே டென்வர்ல இறந்துட்டார். அங்க ரிவர்சைடு கல்லறையில அவர் சமாதி இருக்கு.

அவருக்கப்புறம் வந்தவங்க பெரும்பாலும் கூலிக்கு வந்தவங்க. அதுக்கு முன்னால அந்த வேலைகளைச் செஞ்சவங்க சீனர்கள். 1880 அக்டோபர் 31-ம் தேதி டென்வர்ல ஒரு கும்பல் சீனர் குடியிருப்பை அடிச்சு நொறுக்கினது. 1882-ல சீனத் தொழிலாளர் நாட்டுக்குள்ள வரவே கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. ஆனா தண்டவாளம் போட ஆள் வேணும், சுரங்கத்துக்கு ஆள் வேணும், சர்க்கரைக் கிழங்கு வயலுக்கு ஆள் வேணும். அந்த இடத்துக்குத்தான் ஜப்பானியர் வந்தாங்க. நவோயிச்சி ஹொகசோனோன்னு ஒரு ஒப்பந்தக்காரர் நிறைய பேரைக் கொண்டுவந்து வேலைக்கு வச்சார். கொலராடோ சட்டமன்றக் கட்டடத்துல வண்ணக் கண்ணாடியில அவர் உருவத்தைப் பார்க்கலாம்.

அப்ப இவங்க ஹோட்டல் போடலையா? போட்டாங்க. ஆனா மேற்கு மாநிலங்கள்ல அன்னைக்கு ஜப்பானியர் நடத்தின மலிவுக் கடைகள் பலதுல கிடைச்சது அமெரிக்கச் சாப்பாடு. ரொட்டி, இறைச்சி, உருளைக்கிழங்கு, காப்பி. வாடிக்கையாளர் யாரோ அவங்களுக்கு ஏத்த சாப்பாடு. தங்களுக்குள்ள சாப்பிட்ட சோறும் மீனும் விடுதியோட பின்கட்டுல.

1907-08-ல ரெண்டு அரசாங்கமும் பேசி ஜப்பான் தொழிலாளர் வரவை நிறுத்திட்டாங்க. 1924 குடியேற்றச் சட்டம் மிச்சக் கதவையும் சாத்திடுச்சு. முதல் தலைமுறைக்குக் குடியுரிமையும் கிடையாது. டென்வர்ல சில நூறு ஜப்பானியர்தான் இருந்தாங்க. அது அப்படியே இருந்திருந்தா சகுரா ஸ்கொயரும் இல்லை, நல்ல மளிகைக் கடையும் இல்லை.

1941 டிசம்பர்ல பெர்ல் ஹார்பர். 1942 பிப்ரவரி 19-ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066-ம் எண் ஆணையில கையெழுத்துப் போட்டார். மேற்குக் கரையில இருந்த ஜப்பான் வம்சாவளியினர் எல்லாரும் வெளியேத்தப்பட்டாங்க. ஏறத்தாழ 1,20,000 பேர். அதுல மூணுல ரெண்டு பங்கு அமெரிக்காவுலயே பொறந்த குடிமக்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. கையில தூக்க முடிஞ்சதை எடுத்துக்கலாம். வீடு, கடை, மீன்பிடி படகு, வயல் எல்லாம் கிடைச்ச விலைக்குப் போச்சு. பத்து முகாம்கள். கொலராடோவுல கிரானடாங்கற ஊர் பக்கத்துல ஒண்ணு, அதுக்கு அஞ்சல் பேர் அமாச்சி. 1942 ஆகஸ்ட்ல திறந்தாங்க. உச்சத்துல ஏழாயிரத்துச் சொச்சம் பேர். சுத்தி முள்வேலி, காவல் கோபுரம், மணல் காத்து.

மத்த மேற்கு மாநில ஆளுநர்கள்ல பலர், எங்க ஊருக்கு இவங்களை அனுப்பாதேன்னு கத்தினாங்க. கொலராடோ ஆளுநர் ரால்ஃப் கார் மட்டும், இவங்களும் குடிமக்கள், வந்தா எங்க மாநிலம் பாதுகாக்கும்னு வெளிப்படையாச் சொன்னார். முகாமே தப்பு, அரசியல் சட்டத்துக்கு விரோதம்ங்கறது அவர் நிலைப்பாடு. அந்த வருஷமே செனட் தேர்தல்ல நின்னு குறைஞ்ச வித்தியாசத்துல தோத்தார். இந்த நிலைப்பாடும் ஒரு காரணம்னு சொல்றாங்க. தோட்டத்துல பார்த்த வெள்ளைக்காரர் சிலை அவரோடதுதான்.

முகாம்ல சாப்பாடு எப்படி? பெரிய கூடத்துல மணி அடிச்சதும் தட்டைத் தூக்கிட்டு வரிசையில நிக்கணும். ராணுவக் கிடங்குல இருந்து வர்ற டப்பா சாசேஜ், உருளைக்கிழங்கு, ரொட்டி. அப்பா ஒரு மேஜை, பசங்க கூட்டாளிகளோட வேற மேஜை. ராத்திரி சாப்பாட்டுக்குக் குடும்பமா உட்கார்ற வழக்கமே போச்சுன்னு அந்தத் தலைமுறைக்காரங்க திரும்பத் திரும்பச் சொல்லியிருக்காங்க. ஆனா சும்மா இருக்கலை. பல முகாம்கள்ல தாங்களே டோஃபு செஞ்சாங்க, முள்ளங்கியும் சீன முட்டைக்கோசும் விதைச்சாங்க. அமாச்சியில டென்வர் பல்கலைக்கழகத்துக்காரங்க 2008-ல இருந்து அகழாய்வு பண்றாங்க. மணலுக்கடியில சோத்துக் கிண்ணத்தோட உடைஞ்ச ஓடுகள், குடும்பங்கள் போட்ட தோட்டங்களோட தடம் எல்லாம் கிடைச்சிருக்கு. தூக்க முடிஞ்சதை மட்டும் எடுத்துட்டு வான்னு சொன்னப்ப, யாரோ ஒருத்தர் சோத்துக் கிண்ணத்தை எடுத்து வச்சிருக்காங்க பாருங்க. அதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு சாப்பாடு இறங்கலை.

இப்ப டென்வருக்கு வருவோம். போர் நடக்கும்போதே, வேலை கிடைச்சவங்களை முகாம்ல இருந்து வெளிய விட ஆரம்பிச்சாங்க. ஆனா மேற்குக் கரைக்கு மட்டும் போகக் கூடாது. பக்கத்துல இருந்த பெரிய ஊர் டென்வர். சில நூறு பேர் இருந்த ஊருக்கு ஆயிரக்கணக்குல வந்து இறங்கினாங்க. லாரிமர் தெருவைச் சுத்தி முடிதிருத்தற கடை, லாண்டரி, விடுதி, மளிகை, சாப்பாட்டுக் கடைன்னு திடீர்னு ஒரு ஜப்பான் பேட்டை முளைச்சுது. மேற்குக் கரையில ஜப்பானியப் பத்திரிகைகள் எல்லாம் மூடிக் கிடந்தப்ப டென்வர்ல ரெண்டு பத்திரிகை வந்துட்டு இருந்துச்சு. நான் போன பசிபிக் மெர்கண்டைலும் 1940கள்ல அப்படிப் பொறந்த கடைதான்.

1945-ல தடை நீங்கினதும் நிறைய பேர் கலிபோர்னியாவுக்குத் திரும்பிட்டாங்க. சிலர் தங்கிட்டாங்க. 1960கள்ல நகரச் சீரமைப்புன்னு சொல்லி டவுன்டவுனை இடிச்சுத் தள்ள ஆரம்பிச்சாங்க. பழைய பேட்டை கரைஞ்சுடுச்சு. கோவில்காரங்க மட்டும் விடாம நின்னு ஒரு பிளாக்கை வாங்கி 1973-ல சகுரா ஸ்கொயரைக் கட்டினாங்க. அந்த இருபது மாடிக் கட்டடத்துக்கு, பல வருஷம் அங்க இருந்த யோஷிதகா தமாய்ங்கற புத்த குருவோட பேர். ஆக, அந்த ஒரு பிளாக் மிச்சப்பட்டது தற்செயல் இல்லை.

சரி, சாப்பாட்டு மேட்டர். டென்வர்ல ரெண்டு வேற வேற ஜப்பான் சாப்பாடு கிடைச்சுது எனக்கு.

முதல் வகை, நேரா ஜப்பான்ல இருந்து வந்தது. 1984-ல கிசாகி சகோதரர்கள் தோஷி, யாசு ரெண்டு பேரும் தெற்கு பேர்ல் தெருவுல சுஷி டென்ங்கற கடையைத் திறந்தாங்க. கடலே இல்லாத ஊர்ல, பசிபிக் கரையில இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல தள்ளி, கடல் மட்டத்துல இருந்து 1,600 மீட்டர் உயரத்துல சுஷி! எல்லாரும் சிரிச்சிருப்பாங்க. இன்னொரு சகோதரர் ஜப்பான்லயே ஃபுகுவோகாவுல, நாகஹாமா மீன் சந்தையில மீனை வாங்கி விமானத்துல அனுப்புவார். இது பெரிய நகரத்துக் கடைகளுக்கே எளிசு இல்லாத ஏற்பாடு.

இங்க ஒரு விஷயம் சொல்லிடறேன். 'கடல் இல்லாத ஊர்ல சுஷி சாப்பிடாதே'ன்னு ஒரு பொது அறிவு சுத்திட்டு இருக்கு. பச்சையா பரிமாறற பல வகை மீனை ஒட்டுண்ணிக்காக முன்னாடியே உறைய வைக்கணும்னு அமெரிக்க உணவு விதிகள் சொல்லுது. மைனஸ் 20 டிகிரியில ஏழு நாள், இல்லைன்னா மைனஸ் 35-ல பதினஞ்சு மணி நேரம். சூரை மாதிரி சில வகைக்குத்தான் விலக்கு. அதனால கடற்கரை ஊர்லயும் நீங்க சாப்பிடறது நிறைய உறைஞ்சு உருகின மீன்தான். கடல் எவ்வளவு தூரம்ங்கறதை விட வாங்கறவர் யாருங்கறதுதான் முக்கியம்.

உண்மையில டென்வர்ல கஷ்டம் மீன் இல்லைங்க, சோறு! அந்த உயரத்துல தண்ணி 95 டிகிரியிலயே கொதிச்சுடும். அரிசி நடுவுல வேகாது, வெளிய குழையும். நம்ம தங்கமணிகளுக்கு குக்கர் இருக்கு, ரெண்டு விசில் கூட விட்டா முடிஞ்சுது. சுஷி சோறு அப்படி இல்லை. ஒவ்வொரு பருக்கையும் தனியாத் தெரியணும், ஆனா ஒட்டணும். அந்த ஊர்ல சோறு சரியா இருந்தா, சமையல்காரர் உழைச்சிருக்கார்னு அர்த்தம்.

ரெண்டாவது வகை, முகாம்ல இருந்து வந்தது. 20-வது தெரு கஃபேன்னு ஒண்ணு, 1946-ல இருந்து ஒகுனோ குடும்பம் தலைமுறை தலைமுறையா நடத்தினது. காலையில திறந்து மத்தியானம் மூடிடுவாங்க. பார்த்தா சாதா அமெரிக்க டைனர். ஆம்லெட், பேன்கேக், ஒரே அட்டையில பக்கத்துலயே நூடுல்ஸ். போலீஸ்காரர், தபால்காரர், கட்டட வேலை செய்யறவர், தமாய் டவர் தாத்தா எல்லாரும் அங்க.

ஒசாகாக்காரர் அடுத்த வருஷமும் வந்தார். இந்த முறை நான் உஷார். சுஷி டென்ல சோத்தை வாயில வச்சதும் கண்ணை மூடினார். எனக்கு பாஸ் மார்க்! மறுநாள் காலையில கஃபேக்குக் கூட்டிட்டுப் போனேன். சந்தோஷமா சாப்பிட்டுட்டு சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "நல்லா இருக்கு, ஆனா இது ஜப்பான் சாப்பாடு இல்லை."

அவர் சொன்னது சரிதான். அன்னைக்கு நானும் ஒத்துக்கிட்டேன். ஆனா கேம்ப் கதை முழுசா தெரிஞ்சப்புறம் அப்படித் தலையாட்டினது உறுத்த ஆரம்பிச்சுது. ஜப்பான்காரன்னு சொல்லி இவங்களை அடைச்சு வச்சாங்க. வெளிய வந்ததும், நாங்க எவ்வளவு அமெரிக்கர்கள் பாருங்கன்னு ஆம்லெட்டும் போட்டாங்க, விட முடியாம நூடுல்ஸும் போட்டாங்க. அதுக்கு அறுபது வருஷம் கழிச்சு நானும் ஒசாகாக்காரரும் உட்கார்ந்து, இது அசல் இல்லைன்னு மார்க் போடறோம்! பர்மாவுல இருந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்க சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் போட்ட அத்தோவை, ரங்கூன்ல இருக்கற மாதிரி இல்லையேன்னு ஒருத்தர் சொன்னா நமக்கு எப்படி இருக்கும்?

'அசல்'னா என்னங்கற கேள்விக்கு என் பதில் இதுதான்: யாருக்காகச் சமைக்கறாங்கன்னு பாருங்க. கத்தி வித்தைக் கடை வேடிக்கை பார்க்க வர்றவங்களுக்காகச் சமைக்குது. சுஷி டென்காரங்க ஃபுகுவோகாவுல சாப்பிட்டு வளர்ந்த ருசிக்காக மீன் வரவழைச்சாங்க. கஃபேக்காரங்க அந்தப் பேட்டையில மிச்சம் இருந்த மனுஷங்களுக்காகச் சமைச்சாங்க. பின்னது ரெண்டும் அசல்.

இந்த வழி மத்த ஊருக்கும் பொருந்துது. ஒஹையோவுல கொலம்பஸ்னு ஒரு ஊர். அங்க ஏன் நல்ல ஜப்பான் சாப்பாடு கிடைக்குது? பக்கத்துல மேரிஸ்வில்ல 1982-ல ஹோண்டா கார் தொழிற்சாலை வந்துச்சு. ஜப்பான்ல இருந்து பொறியாளர்கள் குடும்பத்தோட வந்தாங்க. ராத்திரி பசிக்கும்ல? அவங்களுக்காகக் கடைகள் வந்துச்சு. சால்ட் லேக் சிட்டியில நேர் எதிர். அங்க இருந்த ஜப்பான் பேட்டையை 1960கள்ல இடிச்சு பெரிய அரங்கம் கட்டிட்டாங்க. ஒரு சர்ச்சும் ஒரு புத்தர் கோவிலும்தான் அந்த இடத்துல மிஞ்சுச்சு.

உங்க ஊர்ல தேடறவங்களுக்கு என் அனுபவத்துல சில குறிப்பு:

1. ஜப்பான் மளிகைக் கடையை முதல்ல தேடுங்க. கல்லாவுல கேளுங்க.

2. புத்தர் கோவில் இருந்தா வருஷாந்திரத் திருவிழாவுக்குப் போங்க. கோவில் பாட்டிகள் சமைக்கறது எந்த ஹோட்டல்லயும் கிடைக்காது.

3. பக்கத்துல ஜப்பான் கம்பெனி தொழிற்சாலை இருக்கான்னு பாருங்க.

4. மெனுவுல சுட்ட கானாங்கெளுத்தி, ஊறுகாய், தெய்ஷோகு இருந்தா நல்ல அறிகுறி. நூறு வகை ரோலும் மயோனைஸுமா இருந்தா, அது வேற வகைக் கடை.

5. மிசோ சூப்பை முதல்ல குடிச்சுப் பாருங்க, வெறும் உப்பா இருந்தா நடையைக் கட்டுங்க. சைவர்கள் கவனம்! அந்த சூப்போட அடிப்படையே காஞ்ச மீன் சீவல் போட்ட சாறு. டோஃபு மிதக்குதேன்னு நம்பி என் தங்கமணி ஒரு தடவை பாதி கிண்ணம் குடிச்சுட்டாங்க. அன்னைக்கு எனக்குக் கிடைச்ச அர்ச்சனை தனிப் பதிவு போடற அளவுக்கு.

இப்ப அந்த அரிசி மூட்டை.

அன்னைக்கு நான் தூக்கிட்டு வந்தது 'கோகுஹோ ரோஸ்'னு ஒரு அரிசி. தங்கமணிக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. குழைஞ்சு வர்றதால தயிர் சாதத்துக்கும் வெண்பொங்கலுக்கும் அம்சமா இருக்குன்னு, அப்புறம் மாசா மாசம் அதுதான். நாலு வருஷம் எங்க வீட்டுத் தயிர் சாதம் அதுலதான்.

அந்த அரிசியைக் கொண்டுவந்தவர் கெய்சபுரோ கோடா. ஜப்பான்ல இருந்து 1900கள்ல கலிபோர்னியாவுக்கு வந்து, 1928-ல தெற்கு டாஸ் பாலோஸ்ங்கற இடத்துல நெல் விவசாயம் ஆரம்பிச்சார். ஜப்பான்ல பொறந்தவங்க விவசாய நிலம் வாங்கக் கூடாதுன்னு கலிபோர்னியாவுல 1913-லயே சட்டம். அதையெல்லாம் தாண்டி, விமானத்துல இருந்து விதை நெல் தூவற அளவுக்குப் பெரிய பண்ணை ஆக்கினார். அரிசி ராஜான்னே பேர் அவருக்கு.

1942-ல அவரையும் குடும்பத்தையும் முகாமுக்கு அனுப்பினாங்க. எந்த முகாம்னு நினைக்கறீங்க? அமாச்சி. நான் பொட்டி தட்டிட்டு இருந்த டென்வர்ல இருந்து கார்ல நாலு மணி நேரம். ஒரு மாநிலத்துக்கே அரிசி விளைவிச்சவர், தட்டைத் தூக்கிட்டு வரிசையில நின்னிருக்கார். திரும்பிப் போனப்ப நல்ல நிலம், ஆலை எல்லாம் கைமாறிப் போயிருந்துச்சு. மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. ஒரு தாவர வளர்ப்பாளரை வேலைக்கு வச்சு, வருஷக்கணக்கா உழைச்சு, 1960கள் தொடக்கத்துல சந்தைக்கு வந்த ரகம்தான் கோகுஹோ ரோஸ்.

இது தெரிஞ்சப்புறம் 2010-ல அமாச்சிக்குப் போனோம். கட்டடம் எல்லாம் போயிடுச்சு, சிமெண்ட் அடித்தளம் வரிசை வரிசையா கிடக்கு. ஒரு சின்ன கல்லறைத் தோட்டம். உள்ளூர் உயர்நிலைப் பள்ளிப் பசங்கதான் பல வருஷமா அந்த இடத்தைப் பெருக்கிப் பார்த்துக்கிட்டாங்க. 1988-ல அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோட இருந்தவங்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் குடுத்தது. 2022-ல அமாச்சியை தேசிய வரலாற்றுத் தலமாக்கச் சட்டம் வந்துச்சு. அன்னைக்கு மத்தியானம் கார் டிக்கியைத் திறந்து வச்சுட்டு நாங்க சாப்பிட்டது வழக்கம்போல கட்டிக்கொண்டு போன தயிர் சாதம். தங்கமணி டப்பாவைத் திறந்துட்டு ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசலை. நானும்தான்.

20-வது தெரு கஃபே 2020-ல கொரோனா சமயத்துல நிரந்தரமா மூடிட்டாங்க. எழுபத்திநாலு வருஷம். நாங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே டென்வரை விட்டு வந்தாச்சு. செய்தியைப் படிச்சதும் ஒசாகாக்காரருக்கு மெயில் போட்டேன். ரிடையர் ஆயிட்டாராம். ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு: "அந்த நூடுல்ஸ் எனக்கு ஞாபகம் இருக்கு."

டிஸ்கி: உங்க ஊர்ல இந்த மாதிரி பழைய கடை ஏதாவது இன்னும் திறந்திருந்தா, இந்த வாரமே போய் சாப்பிட்டுட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க. கல்லாவுல இருக்கறவங்ககிட்ட எப்ப ஆரம்பிச்சீங்கன்னு கேக்க மறக்காதீங்க. நான் அந்தப் பாட்டிகிட்ட கேட்டிருக்கணும், கேக்கலை.